பெஸ்தாரி ஜெயாவில் ஒரு டிவி பழுதுபார்க்கும் கடை: காரணத்தைக் கண்டறிந்த பிறகே விலை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவின் பழைய கடைவரிசையில், பெயர்ப்பலகை மங்கிப்போன ஒரு சிறிய டிவி பழுதுபார்க்கும் கடை இருக்கிறது. பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் இவ்வூரிலும், சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளிலும் குடியிருப்பவர்கள், வீட்டு டிவி உயிர் பெறாமல் போனால் புதியது வாங்கும் முடிவுக்கு வருமுன் அந்தக் கடைக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிச் சொல்வதற்கான காரணங்களையும், அங்கே திருத்தப்பட வேண்டியவை என்று நான் கருதுபவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது உத்தரவாதக் காலம் முடிந்துவிட்ட 43 அங்குல எல்இடி டிவி. கீழ் விளிம்பில் சிவப்பு விளக்கு எரியும்; ரிமோட்டை அழுத்தினால் அது சில தடவை சிமிட்டும்; பிறகு மீண்டும் அசையாமல் எரியும். படமும் வராது, ஒலியும் வராது. முதலில் அதைப் பக்கத்துப் பெரிய ஊரில் உள்ள ஒரு சேவை மையத்துக்குக் கொண்டுபோனோம். முகப்பில் இருந்தவர் பின்மூடியைக் கழற்றவே இல்லை. விளக்கு சிமிட்டுவதைப் பார்த்ததுமே, "மெயின் போர்ட் போய்விட்டது, மாற்றுவதற்கு 480 ரிங்கிட் ஆகும், அதற்குப் புதிய டிவியே வாங்கிவிடலாம்" என்று கூறிவிட்டார். சிமிட்டும் விளக்குக்குப் பல காரணங்கள் உண்டு. அளவுக்கருவி ஒன்றைக்கூடக் கையில் எடுக்காமல் அவற்றுள் மிகவும் செலவு வைக்கும் காரணத்தைச் சொல்லி, மாத வருமானத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்புவது சரியான சேவை ஆகாது.

பெஸ்தாரி ஜெயா கடைக்குத் தொலைபேசியில் அழைத்தபோது, கடைக்காரர் உடனே கொண்டுவரச் சொல்லாமல், வீட்டிலேயே சிலவற்றைப் பார்க்கச் சொன்னார். அவர் கேட்டவை ஒவ்வொன்றும் காரணத்தோடு கேட்கப்பட்டவை என்பதால் அவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சிவப்பு விளக்கு எரிகிறதா என்பது முதல் கேள்வி. விளக்கே எரியாவிட்டால், மின்சாரம் டிவிக்குள் வந்து சேரவில்லை அல்லது உள்ளே காத்திருப்பு (ஸ்டாண்ட்பை) நிலைக்கான 5 வோல்ட் உருவாகவில்லை என்று பொருள். எரிந்தால் அந்தப் பகுதி ஓரளவு வேலை செய்கிறது, கோளாறு அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது என்று பொருள். விளக்கு எரியாதவர்களிடம் அவர் சுவரில் உள்ள அதே பிளக் பாயிண்டில் ஒரு மின்விசிறியைச் செருகிப் பார்க்கச் சொல்வாராம். நம் நாட்டு மூன்று கால் பிளக்கினுள் ஒரு சிறு பியூஸ் இருக்கிறது; டிவியின் பிளக்கில் பெரும்பாலும் 3 அல்லது 5 ஆம்பியர் பியூஸ் இருக்கும். அது மட்டும் எரிந்துபோன டிவியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்திலிருந்து வண்டி பிடித்து வருபவர்களும் உண்டு என்று அவர் சொன்னார். அந்தப் பியூஸை மாற்ற ஒருசில ரிங்கிட் போதும். ஆனால் புதிய பியூஸும் போட்டவுடனே எரிந்தால் அதற்குமேல் முயலக்கூடாது, பெரிய ஆம்பியர் பியூஸைப் போட்டு ஏமாற்றவும் கூடாது, உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அவர் எச்சரிப்பதையும் குறிப்பிட வேண்டும்.

அடுத்து ரிமோட். டிவியின் அடிப்பகுதியில், பெரும்பாலும் நிறுவனப் பெயர் பொறித்த இடத்துக்குக் கீழே, விரலால் தடவினால் தட்டுப்படும் ஒரு பொத்தான் இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. அதை அழுத்தியதும் டிவி இயங்கினால் குறை ரிமோட்டில்தான். ரிமோட்டைச் சோதிக்க, கைப்பேசியின் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் வெளிர் ஊதாப் புள்ளியாகத் தெரியும். சில கைப்பேசிகளின் பின்பக்கக் கேமரா அந்த ஒளியை வடிகட்டிவிடுவதால், முன்பக்கக் கேமராவில் பார்ப்பது நல்லது.

பிறகு, பிளக்கைச் சுவரிலிருந்து முழுவதுமாகக் கழற்றிவிட்டு, டிவியின் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருந்து, சற்று நேரம் கழித்து, எக்ஸ்டென்ஷன் வயர் எதுவும் இல்லாமல் நேராகச் சுவரில் செருகிப் பார்க்கச் சொன்னார். உள்ளே தேங்கியிருக்கும் மின்னூட்டம் வடிந்து, மென்பொருள் புதிதாகத் தொடங்குவதற்கு இது வழிசெய்கிறது. மின்தடைக்குப் பிறகு உறைந்துபோன டிவிகள் பல இதனாலேயே சரியாகிவிடுகின்றன. அதோடு, ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவி டெக்கோடரிலிருந்து வரும் எச்டிஎம்ஐ கம்பி, யூஎஸ்பி கருவிகள் ஆகிய எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும், ஏனெனில் பழுதான ஒரு வெளிக்கருவியே டிவியைத் தொடங்கவிடாமல் தடுக்கக்கூடும். கடைசியாக, ஒலி வருகிறதா என்று கேட்டார். ஒலி வந்து படம் மட்டும் தெரியாவிட்டால், இருட்டறையில் டார்ச் விளக்கைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். மங்கலாக உருவங்கள் அசைவது தெரிந்தால் டிவி இயங்குகிறது, திரைக்குப் பின்னிருந்து வெளிச்சம் தரும் பின்னொளி மட்டும் அணைந்துவிட்டது என்று உறுதியாகும். இவ்வளவையும் கேட்டுச் சொன்னதற்கு அவர் ஒரு காசும் வாங்கவில்லை. இவற்றால் சரியாகாத டிவி மட்டுமே தம் மேசைக்கு வர வேண்டும் என்பது அவர் கொள்கை.

எங்கள் டிவி எதற்கும் மசியாததால் கடைக்குக் கொண்டுபோனோம். பரிசோதனைக் கட்டணம் 30 ரிங்கிட்; பழுதுபார்க்கச் சம்மதித்தால் அது மொத்தத் தொகையில் கழிக்கப்படும். நாம் விரும்பினால் அருகில் நின்று பார்க்கலாம் என்பது இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். தடித்த பஞ்சு விரித்த மேசையில் திரையைக் கவிழ்த்து வைத்து, திருகாணிகளை அவை இருந்த இடத்தின் வரிசைப்படியே ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு, பின்மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு பல்லியின் காய்ந்த எலும்புக்கூடும் எறும்பு மண்ணும் இருந்தன. வெதுவெதுப்பைத் தேடி இவை டிவிக்குள் குடியேறுவது நம் பக்கத்து வீடுகளில் சகஜம் என்றும், மின்கால்களுக்கு நடுவே பல்லி மாட்டிக்கொண்டு ஷார்ட் ஆன போர்டுகளை அவர் அடிக்கடி பார்ப்பதாகவும் கூறி, முதலில் தூரிகையால் அவற்றைச் சுத்தம் செய்தார்.

உள்ளே இரண்டு முக்கியப் பலகைகள் உள்ளன. ஒன்று சுவர் மின்சாரத்தை டிவிக்குத் தேவையான சிறு வோல்ட்டுகளாக மாற்றும் பவர் போர்ட். மற்றது படம், ஒலி, மென்பொருள் எல்லாவற்றையும் நடத்தும் மெயின் போர்ட். 230 வோல்ட் மாறுமின்சாரம் பவர் போர்டில் நேர்மின்சாரமாக மாறும்போது மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் பாகமான பெரிய கப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் சேர்கிறது. பல டிவிகளில் இயங்கும் நேரத்தில் அது 380 வோல்ட்டுக்கும் மேலே போகும். பிளக்கைக் கழற்றிய பின்னும் அது அங்கேயே தேங்கி நிற்கக்கூடும். ஆகவே, இணையத்தில் காணொளி பார்த்துவிட்டு வீட்டில் பின்மூடியைத் திறக்கும் இளைஞர்கள் இந்த ஒன்றையாவது மனத்தில் இருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் அந்தக் கப்பாசிட்டரின் கால்களில் ரெசிஸ்டர் எனப்படும் மின்தடைப் பாகம் ஒன்றை வைத்து மின்னூட்டத்தை வடித்து, மல்டிமீட்டரில் அளந்து உறுதி செய்துகொண்ட பிறகே போர்டில் கை வைத்தார்.

அதன்பின் அவர் செய்த பரிசோதனைதான், திறக்காமலே தீர்ப்புச் சொன்ன சேவை மையத்துக்கும் இவருக்கும் உள்ள வேறுபாட்டை எனக்குக் காட்டியது. டிவியை மீண்டும் இணைத்துக் காத்திருப்பு நிலையில் அளந்தபோது 5 வோல்ட் சரியாக இருந்தது. ரிமோட்டை அழுத்தியதும், மெயின் போர்ட் "எழுந்திரு" என்று பவர் போர்டுக்கு அனுப்பும் சமிக்ஞையும் சரியாக வந்தது. ஆனால் அதற்கு விடையாக வர வேண்டிய 12 வோல்ட், ஏறத் தொடங்கி 9 வோல்ட்டை எட்டுமுன்னே சரிந்து விழுந்தது. ஒவ்வொரு முறை அது விழும்போதும் சிவப்பு விளக்கு சிமிட்டியது. மெயின் போர்ட் பழுதாகி மின்சாரத்தை அதிகமாக இழுத்தாலும் இப்படியே சரியக்கூடும் என்பதால், அதைக் கழற்றி வைத்துவிட்டு, 12 வோல்ட்டுக்கு ஒரு சிறு கார் விளக்கைச் சுமையாகக் கொடுத்து மறுபடி அளந்தார். அப்போதும் அதே சரிவு. மெயின் போர்டின் மீது சாட்டப்பட்ட குற்றம் அத்துடன் நீங்கியது.

குறை, 12 வோல்ட் வெளியேறும் இடத்தில் இருந்த இரண்டு கப்பாசிட்டர்களில் இருந்தது. ஒன்றின் தலை லேசாக உப்பியிருந்தது. மற்றொன்று பார்வைக்கு நன்றாகவே இருந்தாலும், உள்தடையை அளக்கும் கருவியில் வைத்தபோது அதுவும் கெட்டுப்போனது தெரிந்தது. உப்பியதை மட்டும் பார்த்து மாற்றியிருந்தால் டிவி சில வாரங்களில் மீண்டும் படுத்திருக்கும். மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருப்பதே இந்தக் கப்பாசிட்டர்களின் வேலை. அவற்றினுள் இருக்கும் திரவம் வெப்பத்தால் மெல்ல மெல்ல வற்றும்போது அவற்றின் உள்தடை கூடிவிடுகிறது. சுற்றுவெப்பம் 10 டிகிரி குறைந்தால் இவ்வகைக் கப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது மின்னணுத் துறையில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. எங்கள் டிவி அலமாரிக்குள் மூன்று பக்கமும் அடைபட்டு, காலைச் செய்தி தொடங்கி இரவு நாடகம் வரை ஓடிக்கொண்டிருந்தது என்பதைக் கேட்டதும், முதுகுப்புறத்தில் ஒரு சாண் இடமாவது விடச் சொன்னார். தகரக் கூரை வீடுகளில் நடுப்பகல் வெப்பம் எப்படியிருக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த அறிவுரையின் அருமை புரியும்.

புதிய கப்பாசிட்டர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் அவர் கவனமாக இருந்தார். கொள்ளளவு பழையதைப் போலவே 1000 மைக்ரோஃபாராட். தாங்கும் வோல்ட் மட்டும் 16-க்குப் பதிலாக 25. வெப்பத் தாங்குதிறன் 105 டிகிரி. வோல்ட் அளவைக் கூட்டலாம், குறைக்கக்கூடாது. மிகப் பெரியதாக இருந்தால் மூடிக்குள் அடங்காது என்று காரணத்தையும் சொன்னார். பற்றவைத்து முடிந்ததும் போர்டை நேராகச் சுவர் மின்சாரத்தில் செருகவில்லை. பழைய இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து, அதன் வழியாக மின்சாரம் கொடுத்தார். போர்டில் வேறு ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து, போர்டைக் காப்பாற்றிவிடும். இல்லையென்றால் ஒரு கணம் மின்னிவிட்டு மங்கிவிடும். பல்பு மங்கியது. படம் வந்தது. அதற்குப் பிறகும் உடனே கையில் கொடுக்காமல், கடையிலேயே ஓர் இரவு ஓடவிட்டு மறுநாள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

எல்லாம் சேர்த்து 95 ரிங்கிட். கழற்றிய கப்பாசிட்டர்களை ஒரு சிறு பையில் போட்டு, கேட்காமலே எங்களிடம் கொடுத்தார். மாற்றிய பாகத்தைத் திருப்பித் தருவது எல்லாப் பழுதுபார்ப்புக் கடைகளிலும் கட்டாய வழக்கமாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். எதற்காகப் பணம் கொடுத்தோம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

இக்கடையை மதிப்பிட எங்கள் டிவியை மட்டும் வைத்துப் பேசுவது போதாது. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் டிவி, மழை பெய்த ஓர் இரவில் இடி விழுந்த சத்தத்தோடு அணைந்தது. உலகிலேயே மின்னல் மிகுந்த நாடுகளுள் நம் நாடும் ஒன்று. அதிலும் செம்பனைக்கு நடுவே திறந்த வெளியில் இருக்கும் வீடுகளுக்கு ஆபத்து கூடுதல். அக்கா டிவியின் பிளக்கைக் கழற்றித்தான் வைத்திருந்தார். ஆனால் கூரைமேல் இருந்த வட்டிலிலிருந்து (டிஷ் ஆண்டெனா) இறங்கும் கம்பி டெக்கோடருக்கும், டெக்கோடரிலிருந்து எச்டிஎம்ஐ கம்பி டிவிக்கும் இணைந்தே இருந்தன. மின்னலின் அதிர்ச்சி அந்த வழியாக நுழைந்து மெயின் போர்டில் எச்டிஎம்ஐ பகுதியையும் முதன்மைச் சிப்பையும் ஒருசேரக் கருக்கிவிட்டிருந்தது. கடைக்காரர் போர்டை அவருக்குக் காட்டி, "அக்கா, இதைச் செய்து தர என்னால் முடியும், ஆனால் போர்டு விலையும் கூலியும் சேர்ந்தால் புதிய டிவியின் பாதி விலைக்கு மேல் போய்விடும், திரையும் பழையது, உங்களுக்கு இது நட்டம்" என்று சொல்லி, பரிசோதனைக் கட்டணத்தை மட்டும் பெற்றுக்கொண்டார். இனி மழை இருட்டும்போதே பிளக்கோடு வட்டில் கம்பியையும் எச்டிஎம்ஐ கம்பியையும் கழற்றிவிடுங்கள் என்று அவர் சொன்ன யோசனையை எங்கள் தாமானில் இப்போது பல வீடுகள் பின்பற்றுகின்றன. வேலை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த கடைக்காரரை நான் மிகவும் மதிக்கிறேன்.

பின்னொளி அணைந்த டிவிகளும் அங்கே நிறைய வருகின்றன. எல்இடி பட்டைகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒரே ஒரு விளக்கு அறுந்தாலும் திரை முழுவதும் இருண்டுவிடும். அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்தது சீக்கிரமே போகும் என்பதால், அவர் பட்டைகளை முழுத் தொகுதியாகவே மாற்றுகிறார். அளவுக்கேற்ப 180 முதல் 300 ரிங்கிட் வரை ஆகிறது. கண்ணாடித் திரையைத் தனியே தூக்கி எடுக்க வேண்டிய வேலை இது. 55 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றை அவர் ஏற்பதில்லை. பின்னொளி இல்லாமல் தானே ஒளிரும் திரை கொண்ட ஓஎல்இடி வகையையும் தொடுவதில்லை. பின்னொளி அளவை அமைப்பில் சற்றுக் குறைத்து வைத்தால் பட்டைகள் நீண்ட நாள் உழைக்கும் என்பது அவர் எல்லாருக்கும் சொல்லும் அறிவுரை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிவி இயங்குகிறது, ஆனால் எந்த அலைவரிசையும் வரவில்லை என்று வருபவர்களில் சிலருடைய டிவியில் பழுதே இருப்பதில்லை. 2019-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு டிஜிட்டலுக்கு மாறியபின், பழைய தட்டைத்திரை டிவிகளுக்குத் தனி டெக்கோடர் தேவைப்படுகிறது. அத்தகையவர்களிடம் கட்டணம் வாங்காமல் விளக்கி அனுப்புகிறார்.

குறைகளும் இருக்கின்றன. ரசீது ஒரு துண்டுத் தாளில் கையால் எழுதப்படுகிறது. மூன்று மாத உத்தரவாதத்தை வாய்மொழியாகவே சொல்கிறார். நான் கேட்ட பிறகுதான் அதை ரசீதில் எழுதித் தந்தார். வயதானவர்களுக்கு இப்படிக் கேட்கத் தோன்றாது என்பதால், கேட்காமலே எழுதித் தரும் வழக்கம் அங்கே வர வேண்டும். வாடிக்கையாளர்களின் டிவிகள் வாசலுக்கு அருகில் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் ஓடிவரும் நடைபாதை அது. ஒரு மரத்தடுப்பாவது போட வேண்டும். கடையில் கைவேலை தெரிந்தவர் அவர் ஒருவரே என்பதால் பாகம் இருந்தாலும் காத்திருக்க நேரிடுகிறது. பாகத்தை வரவழைக்க வேண்டியிருந்தால் இரண்டு வாரம்கூட ஆகலாம். மதிய வேளையில் தொலைபேசியை எடுப்பதில்லை. தோட்டத்திலிருந்து வேலை முடிந்து வருபவர்களுக்கு மாலை ஆறு மணிக்குக் கடை அடைப்பது சிரமமாகவே இருக்கிறது. சனிக்கிழமையாவது சற்று நீட்டித்தால் பலருக்கு உதவியாக இருக்கும்.

டிவி இன்னும் நிறுவன உத்தரவாதத்தில் இருந்தால் இங்கே கொண்டுபோக வேண்டாம். வேறொருவர் பின்மூடியைத் திறந்தால் உத்தரவாதம் மறுக்கப்படலாம் என்பதால் அவரே திருப்பி அனுப்பிவிடுவார். ரசீதோடு வாங்கிய கடையை அணுகுங்கள். அவர்கள் தட்டிக்கழித்தால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே புகார் பதியலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கிறது. நம் மக்களில் மிகச் சிலரே இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது என் வருத்தம்.

கடைக்குப் போகிறவர்கள் காலையில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. டிவியை வண்டியில் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, திரையின் முன் ஒரு போர்வையைக் கட்டிக்கொண்டு செல்லுங்கள். ரிமோட்டையும், தனியாகக் கழலும் மின்கம்பி என்றால் அதையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். டிவி எந்த நிலையில் அணைந்தது, மழையின்போதா, மின்தடைக்குப் பிறகா, ஓடிக்கொண்டிருக்கும்போதா, விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்பவற்றைக் கவனித்து அவரிடம் சொல்லுங்கள். பல டிவிகளில் அந்தச் சிமிட்டலின் எண்ணிக்கையே பழுது எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைக் காட்டும் குறியீடாக இருப்பதால், அவர் வேலையைத் தொடங்குமுன் முதலில் கேட்பதும் அதையே.